நேற்றிருந்த பக்கம்: இணையக் காப்பகங்களும் நம் அன்றாடத் தேவைகளும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் நூலகவியல் சார்ந்த ஏதேனும் ஒரு பொருளில் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஓலைச்சுவடி, செல்லரித்த பழைய நூல்கள், அவற்றைக் காக்கும் முறைகள் பற்றிப் பேசுவேன் என்று உங்களில் பலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். சுவடிகளுக்கு இன்று ஓரளவு காவலர்கள் இருக்கிறார்கள். போன வருடம் வெளியான ஓர் இணையப் பக்கத்துக்கு அப்படி யாரும் இல்லை. நம் கல்விக் கட்டணமும், வேலைவாய்ப்பு அறிவிப்பும், ஆய்வேட்டின் மேற்கோளும், நம் எழுத்தாளர்களின் கதைகளும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கின்றன. ஆகவே அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2013ஆம் ஆண்டு இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காட்டை 2023 அக்டோபரில் திறக்க முடியவில்லை. அதே ஆய்வு விக்கிப்பீடியாவையும் பார்த்தது. 54 விழுக்காடு கட்டுரைகளில், மேற்கோள் பகுதியில் குறைந்தது ஒரு சுட்டியாவது செத்துப்போயிருந்தது. அச்சிட்ட நூல்களில் பத்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தால் நாடே கொதித்தெழுந்திருக்கும். இணையத்தில் அது ஓசையில்லாமல் நடக்கிறது.

பக்கம் எப்படிப் போகிறது? தள முகவரிக்கு ஆண்டுச் சந்தா கட்ட யாரோ மறந்துவிடுகிறார்கள். நடத்தியவர் இறந்துபோகிறார். நிறுவனம் மூடப்படுகிறது. என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்வது தளத்தைப் 'புதுப்பிக்கும்' பணி. புதிய வடிவமைப்பாளர் வருகிறார், பழைய கோப்புறைகளைத் தூக்கிப்போடுகிறார், பத்தாண்டு அறிவிப்புகள் ஒரே மாலையில் இல்லாமல் போகின்றன. திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டுகிறோம். அழிவதைக் காட்டிலும் கவலை தருவது ஒன்று உண்டு. பக்கம் அப்படியே இருக்கும், முகவரியும் மாறாது, உள்ளே இருக்கும் தொகையும் தேதியும் நிபந்தனையும் மட்டும் மாறியிருக்கும். பார்ப்பவருக்கு மாற்றம் தெரியவே தெரியாது.

இதற்கு எதிராக எழுந்த அமைப்புகளில் பெரியது இன்டர்நெட் ஆர்க்கைவ். புரூஸ்டர் கேல் 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய லாபநோக்கமற்ற நிறுவனம் அது. இணையத்தைச் சுற்றிவந்து பக்கங்களைப் படியெடுக்கும் நிரல்களை இயக்கிச் சேமித்தார்கள். சேமித்ததைப் பொதுமக்கள் பார்ப்பதற்கான 'வேபேக் மெஷின்' என்ற வாசல் 2001 அக்டோபரில் திறந்தது. 2025 அக்டோபரில் அதிலுள்ள பக்கங்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியை எட்டியது. காசு கேட்பதில்லை. பழைய பக்கத்தைப் பார்க்கக் கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை.

இதைப் பயன்படுத்தும் விதத்தைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். மாணவர்களில் பலர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. வேபேக் மெஷினின் பெட்டியில் தள முகவரியை இட்டால் மேலே ஆண்டுகள் வரிசையாக வரும். ஓர் ஆண்டைத் தொட்டால் கீழே பன்னிரண்டு மாத நாட்காட்டி விரியும். படியெடுத்த நாட்களின் மேல் வண்ண வட்டங்கள் இருக்கும். நீல வட்டம் என்றால் பக்கம் ஒழுங்காகக் கிடைத்தது. பச்சை என்றால் அந்த முகவரி வேறோர் இடத்துக்குத் திருப்பிவிட்டது. ஆரஞ்சு என்றால் அன்று அங்கே பக்கம் கிடைக்கவில்லை. சிவப்பு என்றால் தளத்தின் சர்வரே அன்று கோளாறாக இருந்தது. நீல வட்டத்தைத் தொட்டால் அந்த நாளின் பக்கம் திறக்கும்.

இப்போது உலாவியின் முகவரிப் பட்டியைப் பாருங்கள். நடுவில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் நான்கு ஆண்டு, பிறகு இரண்டிரண்டாக மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி. 20190331193000 என்று இருந்தால் 2019 மார்ச் 31, இரவு ஏழரை மணி என்று படிக்கத் தோன்றும். ஆனால் அது உலகப் பொதுநேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் ஏப்ரல் 1, அதிகாலை ஒரு மணி ஆகிவிடும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி மார்ச் 31 என்று ஒரு வழக்கு இருந்தால் இந்த ஐந்தரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. காப்பகப் படியைச் சான்றாகக் காட்டும் ஒவ்வொருவரும் முதலில் படிக்கப் பழக வேண்டியது இந்த எண்ணைத்தான்.

நூலகத்தில் நான் பணியாற்றிய காலத்தில் ஒரு தந்தை வந்தார். மகளை ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்திருந்தார். சேரும்போது தளத்தில் விடுதிக் கட்டணத்தோடு உணவும் சேர்த்தி என்று போட்டிருந்ததாம். இரண்டாம் பருவத்தில் உணவுக்குத் தனியாகக் கேட்டார்கள். "அப்படி நாங்கள் எப்போதும் சொல்லவில்லையே" என்று அலுவலகத்தில் பதில். தளத்திலும் இப்போது அந்த வரி இல்லை. "நான்தான் தப்பாகப் படிச்சிட்டேனோ சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னை வருத்துகிறது. பக்கத்தை மாற்றியவர்கள் தெம்பாக இருக்கிறார்கள், படித்தவர் தன் கண்ணையே சந்தேகிக்கிறார். அவர் மகளைச் சேர்த்த மாதத்தின் படி காப்பகத்தில் இருந்தது. உணவு சேர்த்தி என்ற வரியும் இருந்தது. முகவரியும் 14 இலக்கமும் தெரியும்படி அச்செடுத்துக் கொடுத்தோம். அதை வைத்துக்கொண்டு அவர் பேசினார். கூடுதல் தொகையைக் கைவிட்டார்கள்.

எல்லாமே இப்படி முடிந்துவிடாது. வழக்கு என்று வந்தால் அச்செடுத்த தாள் மட்டும் போதாது. மின்னணு ஆவணத்தைச் சான்றாக ஏற்க உரிய சான்றிதழ் வேண்டும் என்று முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. வெளிநாட்டு சர்வரில் உள்ள படிக்கு அந்தச் சான்றிதழை யார், எப்படித் தருவது என்பது வழக்கறிஞரைக் கேட்டுச் செய்யவேண்டிய காரியம். ஆனால் நம் அன்றாடத் தகராறுகளில் பெரும்பகுதி நீதிமன்றம் வரை போவதில்லை. மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பவையே அதிகம். அங்கே தேதியிட்ட ஒரு படி பெரிய பலம்.

வேலை வாங்கித் தருவதாகவும் பணத்தை இரட்டிப்பாக்குவதாகவும் சொல்லும் தளங்களைச் சோதிக்கவும் இது உதவும். நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல, பணம் கட்டுமுன் அந்த முகவரியைக் காப்பகத்தில் இட்டுப் பாருங்கள். 'இருபத்தைந்து ஆண்டு நம்பிக்கை' என்று முகப்பில் எழுதியிருக்கும் தளத்தின் முகவரியில் போன ஆண்டு வரை வேறு ஏதோ கடை இருந்திருக்கலாம், அல்லது விற்பனைக்கு என்ற பலகை மட்டும் இருந்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. இதைக் குடும்பத்தில் ஒருவராவது கற்றுக்கொண்டால் போதும். உற்பத்தி நின்றுபோன பிரிண்டருக்கு டிரைவர் தேடுவோரும், பழைய தையல் இயந்திரத்தின் கையேடு தேடுவோரும், உற்பத்தியாளர் தளத்தின் பழைய படியில் தேடிப் பார்க்கலாம். கோப்பையும் சேர்த்துச் சேமித்திருந்தால் கிடைத்துவிடும்.

ஆய்வாளர்களிடம் ஒரு வார்த்தை. ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகத் தந்திருந்த இணையச் சுட்டிகளில் பாதி, மேற்கோள் காட்டிய செய்திக்கு இப்போது கொண்டுபோவதில்லை என்று கண்டார்கள். ஹார்வர்டின் சட்ட இதழ்களில் அது 70 விழுக்காட்டைத் தாண்டியது. தீர்ப்பு நிற்கிறது, அதற்கு ஆதாரமாகச் சொன்னது இல்லை. இந்த இழப்பைத் தடுக்கவே, சட்டத்துறையினர் மேற்கோள் காட்டும் பக்கத்தை அப்போதே படியெடுத்து வைக்கும் பெர்மா என்ற சேவையை நூலகங்கள் சேர்ந்து நடத்தத் தொடங்கின. நம் ஆய்வேடுகளை இப்படிச் சோதித்தால் என்ன தேறும்? துணைநூற்பட்டியலில் 'பார்த்த நாள்' என்று ஒரு தேதி போடுகிறோம். பார்த்தோம் என்பதற்கு அது சாட்சி. மற்றவர் பார்க்க அது வழி செய்வதில்லை.

தமிழ் இணையத்தின் தொடக்க காலத்துக்கு வருகிறேன். என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழை இணையத்தில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் தனி மனிதர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியதும் அப்படிப்பட்ட தன்னார்வலர்களால்தான். பலர் இலவச இடம் தந்த ஜியோசிட்டீஸில் வீடு கட்டிக்கொண்டார்கள். அதை வாங்கிய யாகூ 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவினர் இயன்றவரை அள்ளி வைத்தார்கள். அந்தக் காலத் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் தேடுவோர்க்கு இன்று இருக்கும் வழி இத்தகைய காப்பகங்களே.

அப்படி ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் ஏமாற்றம் வரும். தமிழே தெரியாது. 'தமிழ்' என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் முக்கால் என்னும் பின்னக்குறி, தலையில் கோடிட்ட ஆங்கில ஏ, சென்ட் நாணயக்குறி, தலையில் கோடிட்ட ஆங்கில யு என நான்கு குறிகள் நிற்கும். அது பழுது அன்று. அது திஸ்கி என்ற அன்றைய எழுத்துக் குறியேற்றம். ஒருங்குறி பரவாத காலத்தில் ஐரோப்பியக் குறிகளின் இடங்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தி, அதற்கான எழுத்துருவைப் படிப்பவர் தன் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கணினி அந்த இடங்களில் ஐரோப்பியக் குறிகளையே காட்டுகிறது. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து எழுத்துருப் பெயரைப் பாருங்கள். டிஎஸ்சி என்று தொடங்கினால் திஸ்கி. டிஏபி என்று தொடங்கினால் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டேப் குறியேற்றம். நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தன. எது என்று தெரிந்துகொண்டு, அந்தக் குறிகளை அப்படியே நகலெடுத்துப் பொங்குதமிழ் போன்ற மாற்றியில் இட்டால் கண்ணெதிரே தமிழாகும். இருபது ஆண்டுக்கு மேல் யாரும் படிக்காத ஒரு சிறுகதை வரிவரியாக வெளிவருவதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி. முதுகலை மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி இருப்பதாக நான் நினைக்கவில்லை. முதல் தலைமுறை இணைய இதழ்களின் பொருளடைவு ஒன்றை ஒரு துறை நினைத்தால் ஓராண்டில் உருவாக்கிவிடலாம்.

மீளாதவையும் உண்டு. யாகூ குழுமங்களில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழர்கள் கூடிப் பேசினார்கள். பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் பலர் அங்கே எழுதிப் பழகினார்கள். யாகூ 2019 இறுதியில் குழுமங்களின் பழைய மடல்களை அழிக்கும் முடிவை அறிவித்து, 2020 டிசம்பரில் சேவையையே நிறுத்தியது. உறுப்பினர்க்கு மட்டும் திறக்கும் குழுக்களுக்குள் காப்பக நிரல் நுழைய முடியாது. யாராவது ஓர் உறுப்பினர் தன் கணினியில் இறக்கி வைத்திருந்தால்தான் உண்டு. இன்று நம் இலக்கிய விவாதங்கள் நடக்கும் முகநூலுக்கும் வாட்ஸப்புக்கும் இதே நிலைமைதான். ஈழத்தமிழர்களுக்கு இந்த இழப்பின் எடை நம்மைவிட நன்றாகத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிமத் திட்டம், சிற்றிதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட விடாமல் சேர்க்கிறது. போர்க்காலத்தில் நடந்து மூடப்பட்ட செய்தித் தளங்கள் சிலவற்றை இன்று காப்பகத்தில்தான் படிக்க முடிகிறது.

காப்பகத்தையும் கண்மூடி நம்பிவிடக் கூடாது. ஒரு பக்கம் அங்கே இல்லை என்றால் அது இருந்ததே இல்லை என்று பொருளாகாது. நிரல் அந்தப் பக்கம் வராமல் போயிருக்கலாம், தள உரிமையாளர் கேட்டு நீக்கியிருக்கலாம். முதல் படியின் தேதி பக்கம் பிறந்த தேதியும் அன்று. ஒரே திரையில் தெரியும் எழுத்தும் படமும் வெவ்வேறு நாட்களில் எடுத்தவையாக இருப்பதும் உண்டு. தனிமனிதர் தன் பழைய குடும்பப் படத்தை நீக்கச் சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பது என் கருத்து. பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம் தன் பழைய அறிவிப்பை மறைக்கச் சொன்னால் அதற்கு இணங்கக் கூடாது என்பதும் என் கருத்து.

எல்லாவற்றையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற ஒரே நிறுவனத்தின் தோளில் ஏற்றியிருக்கிறோம் என்பதுதான் பெரிய ஆபத்து. 2017 ஆகஸ்டில் இந்தியாவில் அந்தத் தளம் திறக்காமல் போனது. திருட்டுப் படப் பிரதிகளைத் தடுக்க இந்திப் படத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணைகளின்படி 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. 2024 அக்டோபரில் தாக்குதல்காரர்கள் அதன் பயனர் கணக்குகள் 3.1 கோடியின் விவரங்களைத் திருடியிருந்தது தெரியவந்தது, தளமும் சில நாள் முடங்கியது. மீண்டு வந்த பிறகும் சில வாரங்கள் பொதுமக்கள் புதிய பக்கத்தைச் சேமிக்க வழியில்லை. உலகின் நினைவுக்கு ஒரே கதவு இருந்தால் இப்படித்தான் ஆகும்.

சுவீடன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தேசிய நூலகங்கள் 1996லேயே தங்கள் நாட்டுத் தளங்களைச் சேர்க்கத் தொடங்கின. பிரிட்டனில் 2013 முதல் சட்டமே அந்த உரிமையை நூலகங்களுக்குத் தருகிறது. நம்மிடம் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் இருக்கிறது. இந்நாட்டில் நூல் வெளியிடும் ஒவ்வொருவரும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு படி அனுப்பவேண்டும் என்பது அந்தச் சட்டம். கன்னிமாராவின் அடுக்குகளில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அச்சுக்காக எழுதிய சட்டம் அது. அச்சுக்குப் போகாமல் இணையத்திலேயே பிறந்து இணையத்திலேயே படிக்கப்படும் எழுத்துக்கும் அதே கடமையும் அதே உரிமையும் வேண்டும். தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களும் பொது நூலகத் துறையும் சேர்ந்து தமிழ்த் தளங்களுக்கு ஒரு காப்பகம் தொடங்கலாம். அதற்கான மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. சேமிக்கும் கோப்பு வடிவமும் 2009இல் உலகத்தர நிர்ணயம் பெற்றது. நமக்குக் குறைவாக இருப்பது முடிவெடுக்கும் மனம் ஒன்றே.

அரசும் பல்கலைக்கழகமும் அசையும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வேபேக் மெஷின் முகப்பில் பக்கத்தை இப்போதே சேமிக்க ஒரு பெட்டி உண்டு. 2013 முதல் இருக்கிறது. முகவரியை இட்டுப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தேதியிட்ட படியின் முகவரி கிடைத்துவிடும். கல்லூரியில் சேரும் நாளன்று கட்டணப் பக்கத்தையும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அறிவிப்பையும் சேமியுங்கள். பயணச்சீட்டு எடுக்கும்போது பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையைச் சேமியுங்கள். இணைய இதழில் உங்கள் கதையோ கட்டுரையோ வந்தால் அன்றே சேமியுங்கள். கல்லூரித் தளங்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் வேலையை ஒப்படைக்குமுன் பழைய தளம் முழுவதையும் படியெடுத்து வைக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு நெறியாளர்களிடம் ஒன்றை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இனி உங்கள் கைக்கு வரும் ஆய்வேட்டில் ஒவ்வோர் இணைய மேற்கோளுக்கும் பக்கத்தில் அதன் காப்பக முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அதைச் சேர்த்துக்கொண்டு வரும்படி மாணவரைத் திருப்பி அனுப்புங்கள்.